பாடின வாய் சும்மா இருக்குமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணனே, அக்காவே, மின்விசிறி இல்லாத வரிசையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நைஜீரியப் பாப் பாடகர் கிறிஸ் ஓகோட்டி போதகரானது இசைக்கு இழப்பா, வெறும் மேடை மாற்றமா?' இதுதான் இன்றைய வழக்கு. மேடை மாற்றம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் அக்கா பேசியதைக் கேட்டு எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. இரங்கல் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம். அக்கா, அவர் செத்துப்போகவில்லை. சர்ச்சுக்குத்தான் போனார்.

ஆள் யார் என்று தெரியாமல் கைதட்டுகிறவர்களுக்காக நாலு வரி. இன்றைய டெல்டா மாநிலத்துக்காரர், 1958-இல் பிறந்தவர். இன்சுக்கா நகரத்தில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனார். படிப்புக்கு நடுவே 1980-இல் 'ஐ நீட் சம்ஒன்' என்று ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. நாடு முழுக்கப் பெயர். சுருள் முடி, பளபளக்கும் சட்டை, காதல் பாட்டு. உள்நாட்டுப் போர் முடிந்து பத்து வருடம், எண்ணெய்ப் பணம் கையில் புரண்ட காலம், இளைஞர்களுக்கு டிஸ்கோ பிடித்திருந்தது. இந்த வெற்றிக்குப் பிறகு மனிதர் திரும்பிப் போய் 1984-இல் சட்டப் படிப்பை முடித்தார். அப்புறம் அமெரிக்காவில் டல்சா நகரத்தில் வேதாகமப் பள்ளி. 1987-இல் லாகோஸில் 'ஹவுஸ்ஹோல்ட் ஆஃப் காட்' என்ற சபையைத் தொடங்கினார்.

எதிரணி இந்த 1980-ஐயும் 1987-ஐயும் மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஏழே வருடத்தில் ஒரு கலைஞனை மதம் விழுங்கிவிட்டது' என்கிறது. சரி, அந்த ஏழு வருடத்துக்குள் நைஜீரியாவில் என்ன நடந்தது என்று பார்த்தார்களா?

1983 டிசம்பர் 31 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1985-இல் அந்த ராணுவ ஆட்சியையே பாபாங்கிடா என்ற இன்னொரு ராணுவத் தளபதி கவிழ்த்தார். எண்ணெய் விலை சரிந்தது. 1986-இல் பாபாங்கிடா அரசு பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது, அந்நாட்டு நாணயமான நைரா மடமடவென்று மதிப்பிழந்தது. இசைத்தட்டு அச்சடிக்கத் தேவையான பொருளும் இசைக்கருவிகளும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நைரா விழுந்தால் தட்டு எப்படிச் சுழலும்? பெரிய பன்னாட்டு இசைத்தட்டு நிறுவனங்கள் மெல்ல மெல்லக் கையைக் கழுவின. ராத்திரி பத்து மணிக்கு மேல் லாகோஸ் தெருவில் போனால் வழிப்பறி பயம், அதனால் இரவு விடுதிகளில் கூட்டம் குறைந்தது. மூடிக்கிடந்த சினிமா கொட்டகையிலும் கிடங்கிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நிரம்பியது. ஏன் என்றால் அங்கே சபை நடந்தது.

ஆக, எதிரணி அழுகிற அந்தப் பாப் மேடை, ஓகோட்டி இறங்குவதற்கு முன்பே கால் ஆடிக்கொண்டிருந்த மேடை. இடிகிற வீட்டிலிருந்து பாத்திரத்தோடு வெளியே வந்தவரைப் பார்த்து 'வீட்டை இடித்துவிட்டாயே' என்று கேட்பது என்ன நியாயம்?

வெளியே வந்தவர் பாத்திரத்தைக் கொண்டுவந்தாரா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று நம் ஊரில் சொல்வார்கள். ஓகோட்டிக்காகவே சொன்னது போல இருக்கிறது. போதகரான பிறகும் அந்த முடி அலங்காரத்தை விட்டாரா? இல்லை. உடுப்பில் மினுக்கைக் குறைத்தாரா? இல்லை. அவர் பேசுகிற ஆங்கிலம் நைஜீரியாவில் தனிக் கதை. கேட்பவர்கள் ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் அகராதியுமாக உட்கார வேண்டும் என்கிற அளவுக்கு உருட்டி உருட்டிப் பேசுவார். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்தி ஜனத்தைக் காக்க வைக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் எந்த வேதாகமப் பள்ளியிலும் வராது, நடுவர் அவர்களே. பாட்டு மேடையில் கற்றது.

லாகோஸ் நகரத்துப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் ஞாயிறு ஆராதனையை நினைத்துப் பாருங்கள். போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு பின்னால் மெதுவாக ஓடும். அவர் குரல் ஏற ஏற அதுவும் ஏறும். அவர் ஒரு வரி சொல்ல, ஜனம் பதில் வரி சொல்லும். காணிக்கை நேரம் வந்தால் யாரும் இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. டிரம்ஸ் ஒரு தட்டுத் தட்டும், பேஸ் கிதார் இறங்கும், பாட்டிகூட வெள்ளைக் கைக்குட்டையை வீசிக்கொண்டு ஆடியபடியே பெட்டி வரை போய்ப் பணம் போட்டுவிட்டு ஆடியபடியே திரும்புவார். இதைக் கச்சேரி இல்லை என்று சொல்ல எதிரணிக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

'எல்லாம் பணத்துக்காக' என்றார் அண்ணன். நைஜீரியாவில் காணிக்கையில் கொழுத்த போதகர்கள் உண்டு. அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை, அதற்கு வேறு பட்டிமன்றம் வையுங்கள். ஆனால் பாப் மேடையில் டிக்கெட் இலவசமாகவா கொடுத்தார்கள்?

அடுத்து, 'நிலையில்லாதவர், அரசியலுக்கும் ஓடினார், மூன்று தடவை தோற்றார்' என்றார்கள். உண்மை. 2003, 2007, 2011 என்று மூன்று ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். மூன்றிலும் ஒரு சதவீத ஓட்டுக்கூட விழவில்லை. பின்னாளில் அவர் தொடங்கிய கட்சிக்குப் பெயர் 'ஃபிரெஷ் டெமாக்ரடிக் பார்ட்டி'. கட்சிப் பெயரே பாப் இசைத்தட்டுக்கு வைத்தது போல இல்லையா? மைக் கண்ட இடத்தில் நிற்காமல் போக முடியாத மனிதர் அவர். எங்கள் அணிக்குச் சாட்சி தேடி நான் அலைந்துகொண்டிருந்தேன், அண்ணனே அழைத்து வந்து நிறுத்திவிட்டார்.

இவர் ஒருவர் மட்டும் இப்படியா? சன்னி ஒகோசன்ஸ் என்று ஒரு மாபெரும் பாடகர். 1977-இல் 'ஃபயர் இன் சொவேட்டோ' பாடி, தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக ஆப்பிரிக்காவையே ஆட வைத்தவர். அவரும் சுவிசேஷகரானார். 1994-இல் அவர் வெளியிட்ட பக்திப்பாடல் தொகுப்பு பத்து லட்சத்தை நெருங்கி விற்றதாகச் சொல்வார்கள். யொருபா மக்களின் ஜூஜூ இசையின் தூண்களில் ஒருவரான எபனேசர் ஓபேயும் தொண்ணூறுகளில் ஊழியத்துக்குப் போனார், பாட்டை விடவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அக்கா வைத்த ஒரு வாதம் என்னைத் தைத்தது. மறைக்க மாட்டேன். 'காதல் பாட்டு எல்லோருக்கும் சொந்தம். வடக்கே கானோ நகரத்தில் இருக்கும் முஸ்லிம் பையனும் அதை முணுமுணுத்தான். சபைப் பாட்டு சபைக்காரருக்கு மட்டும்தானே?' என்று கேட்டார். நைஜீரியாவில் ஏறக்குறையப் பாதிப்பேர் முஸ்லிம்கள். அந்தப் பையன் கையிலிருந்து ஒரு பாட்டுக்காரன் நழுவித்தான் போனான். அக்காவுக்கு இதில் ஒரு மதிப்பெண் தாராளமாகக் கொடுங்கள்.

மீதி மதிப்பெண் எனக்கு வேண்டும். ஏன் என்றால், சபைக்குள் போன இசை சபைக்குள்ளேயே தங்கிவிடவில்லை. நிறுவனங்கள் போய், விடுதிகள் காலியாகி, பள்ளிகளில் இசைக்கருவி வாங்கக் காசில்லாத அந்த வருடங்களில், ஓர் ஏழைப் பையன் டிரம்ஸ் முன்னால் கட்டணமில்லாமல் உட்கார முடிந்த இடம் சர்ச். உலகமே இன்று ஆடுகிற நைஜீரியப் பாடகர் விஸ்கிட் எங்கே தொடங்கினார்? சர்ச் நண்பர்களோடு 'குளோரியஸ் ஃபைவ்' என்று ஒரு குழு, 2001-இல் ஒரு தொகுப்பு. அப்போது அவருக்கு வயது பதினொன்று. பாடகி சிமியின் முதல் தொகுப்பு, 2008-இல் வந்தது, பக்திப்பாடல் தொகுப்பு. இன்றைக்குக் கானோ பையனின் செல்போனில் ஓடும் பாட்டில் எத்தனையோ, ஏதோ ஒரு சபையின் பின்வரிசையில் தாளம் கற்றவர்கள் போட்டது.

கடைசியாக அண்ணன் ஒரு பிரம்மாஸ்திரம் விட்டார், நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் இசை மேதை ஃபெலா குட்டியை வைத்து. 'ஃபெலா குட்டியைப் பாருங்கள்! பாதிரியாரையும் இமாமையும் பாட்டிலேயே கிழித்தார், கடைசி வரை சாக்ஸபோனைக் கீழே வைக்கவில்லை, அவரல்லவா கலைஞன்!' என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

அண்ணன் ஃபெலாவோடு நின்றுவிட்டார், நான் ஃபெலாவின் குடும்பத்துக்குள் கொஞ்சம் போனேன். அவர் தாத்தா பெயர் ஜோசையா ரான்சம்-குட்டி. ஆங்கிலிக்கன் பாதிரியார். யொருபா மொழியில் பாடிப் பாடியே ஊழியம் செய்ததால் 'பாடும் பாதிரியார்' என்றே பெயர். 1922-இல் இவரை லண்டனில் உட்கார வைத்து ஜோனோஃபோன் நிறுவனம் 40-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தது. நைஜீரியர் ஒருவரின் குரல் இசைத்தட்டில் ஏறிய ஆரம்பகாலப் பதிவுகளில் அவை சேரும். அங்கி போட்ட மனிதர் பாடிய தட்டு முதலில், பேரனின் சாக்ஸபோன் அதற்கு ஐம்பது வருடம் பின்னால்.

மணி அடித்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் மீதியை ஃபெலாவின் தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.