லியர் மன்னரின் பாகப்பிரிவினை

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

உலக இலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்றால் காதல், போர், கடவுள் என்று ஆரம்பிப்பது மேடை வழக்கம். நான் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தோட்டம் பங்கு பிரித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் யாருக்கு எந்தக் கிழமை, வரப்பான பொழி எந்தத் தென்னையோடு நிற்கிறது என்று பேசி முடிப்பதற்குள் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நமக்குத் தெரியும். ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னர்’ நாடகத்தைப் படிக்க இதைவிட நல்ல தயாரிப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது என்பது என் கட்சி.

அந்த நாடகம் 1606 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கிலாந்து அரண்மனையில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடிக்கப்பட்டது. கதை தெரிந்ததுதான். வயதான லியருக்கு மூன்று பெண்கள், ஆண் வாரிசு இல்லை. நாட்டை மூன்றாகப் பிரிக்கிறார். யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள், சொல்லுங்கள் என்கிறார். மூத்தவள் கோனரிலும் நடுவுள்ள ரீகனும் அளக்கிறார்கள். இளையவள் கார்டீலியா, ‘சொல்ல ஒன்றுமில்லை’ என்கிறாள். மகளுக்கு உரிய கடமையின்படி நேசிக்கிறேன், திருமணமானால் அன்பில் பாதி கணவனுக்குப் போகும் என்று கணக்குச் சொல்கிறாள். பங்கு பறிபோகிறது. சீதனம் இல்லை என்று தெரிந்ததும் பர்கண்டிக் கோமகன் பெண் வேண்டாம் என்று விலகிக்கொள்கிறான். இந்த இடத்துக்கு நம் ஊரில் விளக்கவுரை தேவையில்லை. வெறுங்கையோடு வந்தாலும் சரி என்று பிரான்ஸ் மன்னன் அவளை அழைத்துப் போகிறான்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. லியர் மேடைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பிரபுக்கள், மாப்பிள்ளைகள் இருவருக்கும் பங்கு சரிசமமாகப் பிரிந்திருப்பதைப் பேசிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் வரைபடம் போட்டு முடித்தாகிவிட்டது. நல்ல பங்கு கார்டீலியாவுக்கு என்பதும் முடிவாகிவிட்டது. அந்த அன்புக் கேள்வி வெறும் சபைக்காக. எழுதிக் கொடுப்பதற்கு முன் நாலு பேர் மத்தியில் நன்றிப் பாட்டு கேட்க ஆசைப்பட்டார் கிழவர். அவருடைய குற்றம் மண்ணைக் கொடுத்ததில் இல்லை, இந்த ஆசையில் இருக்கிறது.

அடுத்து நிபந்தனை. பட்டம், மரியாதை, நூறு வீரர்கள் எனக்கு. மாதம் ஒரு மகள் வீட்டில் தங்குவேன் என்கிறார். ஆளுக்கொரு மாதம் சோறு போடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதா? வீடு மாறும் நாளில் துணிப்பையோடு திண்ணையில் காத்திருக்கும் அப்பாருவை நாம் பார்த்ததில்லையா? லியருக்கோ பையோடு நூறு ஆள். கோனரில் முதலில் சொல்லும் புகார் என்ன? உங்கள் ஆட்கள் வீட்டைச் சாராயக்கடை ஆக்குகிறார்கள், குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். குடும்பம் நடத்தும் எந்தப் பெண்ணும் சொல்லக்கூடியது. 1962இல் ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக் இதை மேடையேற்றியபோது அந்த வீரர்கள் நிஜமாகவே சாப்பாட்டுக் கூடத்தைச் சூறையாடினார்கள். பார்வையாளர்கள் கோனரில் பக்கம் சற்றே சாய வேண்டியதாயிற்று. பிறகு நூறு ஐம்பதாகிறது, ஐம்பது இருபத்தைந்தாகிறது, பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று போய், ஒருவர்தான் எதற்கு என்று ரீகன் கேட்கும்போது நியாயம் எந்த எண்ணில் கொடுமையாக மாறியது என்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. நாடகத்தின் திறமையே அங்கேதான்.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் அதன் 23ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம். லியர் இங்கே கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்திருந்தால் தான செட்டில்மென்ட் பத்திரம் ரத்தாகியிருக்கக்கூடும். ஆனால் நூறு வீரர்கள் அடிப்படை வசதியில் வருவார்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருப்பார்!

இதே கதையை ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1870இல் ருஷ்யப் பண்ணை ஒன்றுக்குக் கொண்டுபோனார். ‘ஸ்டெப்பி வெளியின் லியர்’ என்ற அந்தக் குறுநாவலை விவசாயக் குடும்பத்தார் அவசியம் படிக்க வேண்டும். அதன் நாயகர் ஹார்லோவ் மலைபோன்ற மனிதர். ஒரு கருப்புக் குதிரைக்குட்டி உதைப்பதாகக் கனவு கண்டு, சாவு நெருங்கிவிட்டது என்று நம்பி, உயிரோடிருக்கும்போதே இரண்டு பெண்களுக்கும் பண்ணையைப் பிரித்துக் கொடுக்கிறார். அவர்களும் மருமகனுமாக அவரைப் படிப்படியாக ஒடுக்கி வெளியேற்றுகிறார்கள். மகள்களிடமிருந்து வெளியேறிய லியர் புயலில் நின்று வானத்தைத் திட்டினார். ஹார்லோவ் கூரைமேல் ஏறுகிறார். தான் கட்டிய வீட்டின் கைமரங்களை வெறுங்கையால் பிடுங்கிப் போடுகிறார். உத்தரத்தோடு கீழே விழுந்து சாகிறார். நாட்டை இழந்தவனைவிடத் தன் வீட்டைத் தானே பிரித்தெறியும் இந்த மனிதனே எனக்கு நெருக்கமானவன். துர்கனேவின் குறும்பையும் சொல்ல வேண்டும்: மூத்தவள் அன்னா பிற்காலத்தில் கெட்டிக்காரப் பண்ணைக்காரியாக, மதிப்போடு வாழ்கிறாள். தண்டனை ஒன்றும் வந்து இறங்கவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் நாவலில் (1835) வரும் கோரியோ கிழவர் இன்னொரு வகை. சேமியா வியாபாரத்தில் சேர்த்ததை எல்லாம் இரண்டு பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, மலிவான விடுதியில் மேலும் மலிவான அறைக்கு மாறிக்கொண்டே போகிறார். இறுதி ஊர்வலத்துக்குப் பெண்கள் வரவில்லை, அவர்களுடைய காலி வண்டிகள்தான் வருகின்றன. அந்தக் காட்சிக்காக அழலாம். ஆனால் கோரியோ எதையும் எதிர்பார்க்காத அப்பா என்று பால்சாக் நம்மை ஏமாற்றப் பார்ப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மரணப் படுக்கையில் அவர் பேசுவதைப் படியுங்கள், பாக்கிக் கணக்கு முழுவதும் வெளியே வரும்.

லியர் நாடகத்தை மிகக் கடுமையாகத் திட்டியவர் ருஷ்ய நாவலாசிரியர் தல்ஸ்தோய். நம்பவே முடியாத கதை என்று 1906இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பே சொத்தை மனைவி, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டவர் அவர். நூல் உரிமை யாருக்கு என்பதில் வீடு இரண்டுபட்டது. 1910இல் 82 வயதில் இரவோடு இரவாக வீட்டைவிட்டுப் புறப்பட்டு அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் இறந்தார். அவர் பக்கம் நின்றது இளைய மகள் அலெக்சாந்திரா. நம்ப முடியாத கதையாம்!

இவை எல்லாம் கொடுக்கிறவர் பக்கமிருந்து சொன்ன கதைகள். கேட்கிறவர் பக்கமிருந்து சொன்ன கதை நம் மண்ணிலேயே இருக்கிறது: ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942. கணவனை இழந்தவள், கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு இருப்பவள், கணவனுடைய பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். ஊரே அவளை அடங்காதவள் என்கிறது. சட்டம் என்ன சொன்னது? விதவைக்குக் கணவனின் பங்கில் உரிமை கொடுத்து 1937இல் ஒரு சட்டம் வந்தது. விளைநிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் அன்றைய இந்தியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் பங்கு உண்டு, காட்டில் இல்லை! அந்தச் சூழலில் வைத்துப் படித்தால் அவளுடைய பிடிவாதம் வேறாகத் தெரியும். அவளைத் தூண்டிவிடும் கெட்டியப்பன் வழியாகக் கதை கொலையில் முடிகிறது. அதற்காக அவள் கேட்ட பங்கு நியாயமில்லை என்றாகாது.

தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. இன்றும் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகளின் கையெழுத்து வாங்குகிறோம். கோனரிலைத் திட்டும் வசதி நமக்கு ஏது? அடுத்த கூட்டத்துக்கு ‘நாகம்மாள்’ நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். பேசுவது ஒரு பெண்ணாக இருக்கட்டும். அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. நான் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.