‘ஒன்றுமில்லை’ என்றும் எழுதுங்கள்

(காரைக்குடியில், சுவாச நோய்க் கண்காணிப்புத் தன்னார்வலர்களின் தொடக்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

செட்டிநாட்டில் நின்றுகொண்டு கணக்கெழுதுவதைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம் என்பதை அறிவேன். சிட்டை, பேரேடு, ஐந்தொகை ஆகிய சொற்களை வீட்டுப் பட்டாலையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். கொடுக்கல் வாங்கல் எதுவும் நடக்காத நாளிலும் சிட்டையில் தேதியைப் போட்டு, ‘இன்று வரவு செலவு இல்லை’ என்று எழுதிய பிறகுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். ஒன்றும் நடக்காததை எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “எழுதாவிட்டால், வியாபாரம் நடக்கவில்லையா, இல்லை நான்தான் கடைக்கு வரவில்லையா என்பது நாளைக்கு யாருக்குத் தெரியும் தம்பி?” என்றார். நீங்கள் கையில் எடுக்கப்போகும் நோட்டுப் புத்தகத்தின் உயிர்நாடி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

ஒருவர் இருபது வீடுகளை எடுத்துக்கொள்கிறீர்கள். சனிக்கிழமைதோறும் அந்த வீடுகளுக்குப் போய், கடந்த ஏழு நாளில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் இருந்ததா, என்றைக்குத் தொடங்கியது, வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் இருந்தார்களா, மருத்துவரிடம் போனார்களா என்று கேட்டு எழுதப் போகிறீர்கள். இதைச் செய்ய மருத்துவமனைகள் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு காய்ச்சல் நம் வீடுகளில் எந்த வழியாக நடந்து போகிறது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் சுக்கு மல்லிக் காப்பி. இரண்டாம் நாள் ஆவி பிடித்தல். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர். மருத்துவருக்கும் ஐயம் வந்தால்தான் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வகம் ஒரு வைரஸின் பெயரைச் சொல்லும்போது, அந்த வைரஸ் தெருவில் ஒரு சுற்று முடித்திருக்கும். கசாயத்தோடு எழுந்து நடமாடியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அரசாங்கத்திடம் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராமச் சுகாதாரப் பணியாளர் அறிகுறிகளை வைத்து எழுதுவது ‘எஸ்’ படிவம், மருத்துவர் நோயாளியைப் பார்த்து எழுதுவது ‘பி’ படிவம், ஆய்வகம் உறுதிசெய்து எழுதுவது ‘எல்’ படிவம். நம்முடைய நோட்டு அந்த எஸ் படிவத்துக்கும் ஒரு படி முன்னால், வீட்டு வாசலில் நிற்கிறது.

இந்த முறை வேறு நாடுகளில் பழகிப்போன ஒன்று. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2003இல் பொதுமக்களே வாரந்தோறும் தங்கள் சளிக் காய்ச்சலைத் தெரிவிக்கத் தொடங்கினார்கள். பின்னர் அது ஐரோப்பிய நாடுகள் பலவற்றை இணைத்த இன்ஃபுளுவென்சாநெட் ஆனது. ஆஸ்திரேலியாவில் 2006 முதல் ஃப்ளூடிராக்கிங் என்ற இதே வகை ஏற்பாடு நடக்கிறது. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிரிட்டனில் ஒரு கைப்பேசிச் செயலி வழியாக அறிகுறிகளைச் சொன்னவர்களின் தரவை ஆராய்ந்தபோது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தந்த பதில்களிலிருந்து, வாசனை தெரியாமல் போவது கொரோனாவின் வலுவான அடையாளம் என்பது புலப்பட்டது. அந்நாட்டு அரசு அதை அதிகாரப்பூர்வமான அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது மே 18ஆம் தேதிதான். ‘ரசம் கொதிக்குது, எனக்கு வாசமே தெரியலை’ என்று நம் அடுப்படிகளிலும் அப்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஆளைக் கேட்காமலேயே அறிந்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. கூகுள் நிறுவனம் 2008இல், மக்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதைக் கொண்டு இன்ஃபுளுவென்சா என்ற வைரஸ் காய்ச்சலின் அளவை மதிப்பிட முயன்றது. 2012-13 குளிர்காலத்தில் அதன் மதிப்பீடு, அமெரிக்க மருத்துவர்களிடம் உண்மையில் வந்தவர்களின் கணக்கைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகப் போயிற்று. 2015இல் அந்த மதிப்பீட்டை வெளியிடுவதே நின்றது. காய்ச்சலைப் பற்றிச் செய்தியில் படித்தவனும் தேடுவான், காய்ச்சல் வந்தவனும் தேடுவான். வாசலில் நின்று கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

இனி, ‘ஒன்றுமில்லை’ என்ற வரிக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒத்திகைக்காக ஒரு பெண்ணுடன் நானும் போனேன். முகப்பைத் தாண்டித் திண்ணையில் எண்பது வயதை நெருங்கிய ஆச்சி ஒருவர் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அத்தனை பெரிய வீட்டில் அவரும் சமையலுக்கு வரும் அம்மாளும் மட்டும். “மேலுக்கு எப்படி இருக்கு ஆச்சி? காய்ச்சல், இருமல் ஏதும் உண்டா?” என்று இந்தப் பெண் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணுமில்லாததுக்கு என்னத்த ஆத்தா எழுதப் போறே?” என்றார் ஆச்சி. “ஒண்ணுமில்லைன்னே எழுதணும் ஆச்சி” என்று சொல்லி, இரண்டு பேர், இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று கட்டங்களை அவள் நிரப்பினாள். சமையல்காரம்மாவையும் அவள் சேர்த்து எழுதியதை நான் கவனித்தேன். ஊர்க் கோயில் வரிக்கு நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தங்கள் குடும்பங்களை மட்டும் ‘புள்ளி’ என்று எண்ணும் வழக்கம் வேறு. நம் நோட்டில் சமையல்காரர், வாட்ச்மேன், வாடகைக்கு இருப்பவர், எல்லாரும் தலைக்கு ஒன்றாக எண்ணப்பட வேண்டும். இருமலுக்கு வீட்டுக்காரர் யார், வேலைக்காரர் யார் என்று தெரியாது.

அந்த மூன்று ‘இல்லை’களின் பயனைக் கணக்குக்காக ஓர் எண்ணை வைத்துச் சொல்கிறேன். இருநூறு பேரைக் கேட்டு, ஆறு பேருக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால் அந்த வாரம் நூற்றுக்கு மூன்று. அடுத்த வாரம் இருநூறு பேரையும் கேட்டுப் பன்னிரண்டு என்று வந்தால் நூற்றுக்கு ஆறு. இரட்டித்துவிட்டது, மருத்துவ அலுவலருக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் நோய் உள்ளவர்களை மட்டும் எழுதினால், பன்னிரண்டு என்ற எண் இருநூறில் பன்னிரண்டா, இருபதில் பன்னிரண்டா என்பது எவருக்கும் தெரியாது. வகுக்க எண் இல்லாமல் விகிதம் இல்லை. வகுக்கும் எண்ணைத் தருபவர்கள் நலமாக இருப்பவர்கள்தான். ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒருவர் தன்னைப் பற்றித் தரும் முதல் வார அறிக்கையைப் பல நேரங்களில் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். காரணம், உடம்பு சரியில்லாதபோதுதான் பலருக்குப் பதிவு செய்யும் எண்ணமே வருகிறது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணம் போலியோ ஒழிப்பு. 1997 முதல், பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திடீரென்று கைகால் தளர்ந்துபோனால் தெரிவிக்கும் ஏற்பாடு நடந்தது. அப்படி யாரும் வராத வாரத்திலும் ‘இல்லை’ என்ற அறிக்கை போய்ச் சேர வேண்டும். போலியோ அல்லாத வேறு காரணங்களாலும் இத்தகைய தளர்ச்சி வரும் என்பதால், ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் குறைந்தது ஒன்றாவது எதிர்பார்க்கப்பட்டது. அதுகூட வராத மாவட்டத்தை ஆரோக்கியமான மாவட்டம் என்று யாரும் பாராட்டவில்லை. அங்கே யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள் கொண்டார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளிக்கு 2011 ஜனவரியில் நோய் கண்டது, போலியோ ஒழிந்தது என்ற சான்று 2014 மார்ச்சில் வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அனுப்பப்பட்ட வெறும் ‘இல்லை’கள் இல்லாமல் அந்தச் சான்று வந்திருக்காது.

இதில் எனக்கு ஏற்பட்ட தலைகுனிவையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நான் பொறுப்பேற்ற ஓர் இடத்தில் வாராந்திரப் பதிவேட்டைப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்திட்டேன். எல்லா வாரமும் ‘இல்லை’. பிறகு ஒருநாள் அதே பக்கங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, ஆறு வாரத்து வரிகளும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. கடைசி இரண்டு வாரம் அப்போது இன்னும் வரவேயில்லை. எழுதியவர் கெட்டவர் அல்லர். கேட்கப் போவதற்கு வண்டியும் நேரமும் இல்லாதவர். குற்றம், சரிபார்க்காமல் கையெழுத்திட்ட என்னுடையது. ஆகவே உங்கள் நோட்டில் மூன்று வகையான விடை இருக்கும்: உண்டு, இல்லை, கேட்கவில்லை. கேட்காத வீட்டுக்கு ‘இல்லை’ எழுதுவது பொய்க்கணக்கு. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருக்களும் நம் ஊர்களில் உண்டு. அவற்றுக்குப் ‘பூட்டு’ என்று எழுதுங்கள். திருமணத்துக்காக வீடு திறந்து நாற்பது பேர் வந்து தங்கினால் அதையும் எழுதுங்கள்.

அறிகுறி மட்டும் நோயின் பெயரைச் சொல்லாது. ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பவர் சிமெண்டுத் தூசியில் இருமுவார். புதுவயல் அரிசி ஆலையில் வேலை செய்பவர் உமித்தூசியில் இருமுவார். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், பத்து நாளுக்குள் தொடங்கிய இருமலோடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலும் இருந்தால்தான் இன்ஃபுளுவென்சா போன்ற நோய் என்று வரையறுக்கிறது. ‘உள்காய்ச்சல்’ என்று சொல்பவரை மறுக்காதீர்கள். வெப்பமானியை வைத்துப் பார்த்து, அவர் சொன்னதையும் அது காட்டியதையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அது காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு உரியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை. அதை அந்த வீட்டாரிடம் மட்டும், தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அடுத்த வீட்டுத் திண்ணையில் அது பேச்சானால், மறுவாரம் உங்களுக்குக் கதவு திறக்காது.

தமிழ்நாட்டில் இன்ஃபுளுவென்சா பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி கார்த்திகையில் ஏறுகிறது. அதைத் தொடர்ந்து பிள்ளையார் நோன்புக்கு உறவுகள் கூடுகின்றன; தையில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை புறப்படுகிறது. ஆனாலும் நாட்காட்டியை மட்டும் நம்ப முடியாது. 2023இல் எச்3என்2 என்ற இன்ஃபுளுவென்சா வகை மார்ச் மாதத்தில் வந்து, அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. ஏற்றம் எது என்று அறிய, ஏறாத வாரங்களின் எண்கள் முன்பே கையில் இருக்க வேண்டும். எனவேதான் மழைக்குக் காத்திராமல், இந்த ஆவணியிலேயே தொடங்குகிறோம்.

நோட்டுகளும் வெப்பமானிகளும் வாசல் மேசையில் இருக்கின்றன. அட்டையில் உங்கள் பெயர் போதும். உள்ளே வீட்டு எண்ணும் வயதும் மட்டும், யார் பெயரும் வேண்டாம். முதல் வாரம் வரும் சனிக்கிழமை. திங்கள் காலை பத்து மணிக்குள் நோட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். போக முடியாமல் போனவர்களும் கொண்டுவாருங்கள், ‘கேட்கவில்லை’ என்று இருபது வரி எழுதி.