கறுப்புக் கோட்டையில் என் மாமியார் கேட்ட கேள்வி

(தோக்கியோவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தூதரகத்திலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, இந்த மண்டபத்தை நமக்குக் கொடுத்து, தாமும் முன்வரிசையில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட வட்டார அலுவலக நண்பர் அவர்களே, எனக்கு முன் பேசிய பேராசிரியர் ஐயா அவர்களே, விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து அடுப்பு மூட்டிய சகோதரிகளே, இன்று எல்லாரையும்விட முக்கியமாக, ஊரிலிருந்து வந்து பின்வரிசையில் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருக்கும் அப்பாக்களே, அம்மாக்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம். பேராசிரியர் ஐயா தமக்குரிய நேரத்தில் ஐந்து நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

மாட்சுமோட்டோ என்ற கோட்டை ஊருக்கு ஒரே நாளில் போய் வருவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, கோட்டை. இரண்டு, கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர். மூன்று, பிள்ளைகளையும் பெரியவர்களையும் சிரமமில்லாமல் அழைத்துப் போகும் முறை. இவை மூன்றுக்கும் சேர்த்து ஒரு பழமொழி போதும். என் பாட்டி அடிக்கடி சொல்வது: வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் காலையில் அசுசா என்ற விரைவு ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் மாட்சுமோட்டோ வந்துவிடும். நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடை தூரம்தான். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் எப்படிப் போனேன் தெரியுமா? அகழியின் முன்னால் நின்று படம், சிவப்புப் பாலத்தில் நின்று படம், மேலே ஏறி இறங்கினோம், சோபா நூடுல்ஸ் சாப்பிட்டோம், திரும்பிவிட்டோம். அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொல்லியிருந்தால் "கறுப்பாக இருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பேன். வெட்கத்தோடு இதைச் சொல்கிறேன். மூன்றாம் முறை மாமியார் வந்திருந்தார். அவருக்காகத்தான் கோட்டை வாசலில் நிற்கும் தன்னார்வ வழிகாட்டிகளில் ஒருவரைக் கேட்டோம். எழுபது வயதைத் தாண்டிய அம்மையார், காசு வாங்காத சேவை. அவர் ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, இங்கே ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அவள் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தக் கோட்டையின் கதையையே முதலில் கேளுங்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய கோபுரம் 1590-களில் இஷிகாவா வம்சத்தார் எழுப்பியது. ஜப்பானில் பழைய மரக்கட்டுமானத்தோடு நிலைத்திருக்கும் கோட்டைக் கோபுரங்கள் 12தான். அவற்றில் 5 தேசியப் பொக்கிஷங்கள், இது அந்த ஐந்தில் ஒன்று. மற்ற ஊர்களில் நீங்கள் பார்ப்பதில் பல பின்னால் கான்கிரீட்டில் எழுப்பியவை. இதுவும் பிழைத்திருக்க வேண்டியதே இல்லை. மேய்ஜி அரசு வந்து பிரபுக்களின் ஆட்சி முடிந்ததும், 1872-இல் இந்தக் கோபுரத்தை ஏலத்தில் விட்டார்கள். போன விலை அந்தக் காலத்து நாணயத்தில் 235 ரியோ சொச்சம். வாங்கியவர் இடித்து மரத்தையும் இரும்பையும் விற்றிருப்பார். அந்த ஊரில் இச்சிகாவா ர்யோசோ என்று ஒருவர் இருந்தார். பிரபு இல்லை, சாமுராய் இல்லை, ஒரு தெருவின் துணைத் தலைவர். அவர் போய் அதிகாரிகளிடம் பேசினார். இடிப்பதைத் தள்ளிப்போடுங்கள், கோட்டைக்குள் கண்காட்சி நடத்திப் பணம் சேர்க்கிறோம் என்று மனுக் கொடுத்தார். 1873-இல் கண்காட்சி தொடங்கியது. அதுவரை பிரபுவும் அவர் ஆட்களும் மட்டுமே மிதித்த படிகளில் காய்கறி விற்கிறவரும் கூலிக்காரரும் ஏறினார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு கோபுரத்தை மீட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அங்கே கோட்டைக்கே பலித்தது.

பிறகும் அது சாயத் தொடங்கியது. அப்போது எடுத்த புகைப்படத்தில் கோபுரம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதைப் பார்க்கலாம். உள்ளூர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி உனாரி முன்னின்று ஊராரிடம் நன்கொடை திரட்டி, 1903 முதல் 1913 வரை பழுது பார்த்தார். ஒரு தெருக்காரர், ஒரு வாத்தியார். இந்த இரண்டு பேர் பெயரையாவது இன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

இப்போது மாமியாரிடம் வருகிறேன். அவர் மன்னார்குடிப் பக்கம். பிறந்த வீடும் புகுந்த வீடும் நெல் விவசாயம். அறுபத்தெட்டு வயது. உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். படிக்கட்டுகளோ ஏணிதான். சில இடத்தில் 61 பாகை சாய்வு, ஒவ்வொரு படியும் முழங்கால் உயரத்துக்கு வருகிறது. நான் கீழேயே உட்காருங்கள் என்றேன். "பரண்ல ஏறாத காலா இது?" என்று சொல்லிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தார், ஏறினார். பின்னால் வந்த ஒரு ஜப்பானிய இளைஞர் தானாகவே கை கொடுத்தார்.

மூன்றாம் தளத்துக்கு வந்தோம். சன்னலே இல்லை, இருட்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து கூரைதான் தெரியும், உள்ளே ஆறு தளம், இந்தத் தளம் இருப்பது எதிரிக்குத் தெரியாது என்று வழிகாட்டி அம்மா சொன்னார். மாமியார் தூணைத் தடவிப் பார்த்தார். உளி செதுக்கிய தடம் இன்னும் கையில் படுகிறது. "நெல்லு இங்கதானே கொட்டி வச்சிருப்பாங்க?" என்று கேட்டார். பேத்தி மொழிபெயர்த்தாள். அம்மையாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. போர்க் காலத்தில் ஆயுதமும் தானியமும் வைக்கத்தான் இந்த இடம் என்றார்.

ஆறாம் தளத்துக்கு ஏறி மூச்சு வாங்கினோம். உத்தரத்துக்கு மேலே ஒரு சிறிய சன்னதி இருக்கிறது. இருபத்தாறாம் இரவின் தெய்வம் என்கிறார்கள். 1618-இல் காவலிருந்த ஓர் இளம் சாமுராய்க்கு, நிலவு எழும் நேரத்தில் அந்தப் பெண் தெய்வம் காட்சி தந்து ஒரு பட்டுப் பையைக் கொடுத்ததாம். மாதந்தோறும் இருபத்தாறாம் இரவில் எனக்கு 3 கோக்கு, 3 தோ, 3 ஷோ, 3 கோ, 3 ஷாகு அரிசி படை, கோட்டையைக் காப்பேன் என்றதாம். இவையெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் பழைய ஜப்பானிய முகத்தல் அளவைகள். வந்திருந்தவர்கள் எல்லாரும் அழகான கதை என்று தலையாட்டினார்கள். மாமியார் ஆட்டவில்லை. "கோக்குன்னா எத்தன மரக்கா?" என்று கேட்டார். அம்மையார் விளக்கினார்: ஒரு கோக்கு ஏறக்குறைய 180 லிட்டர், ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி. மாமியார் விரலை மடக்கினார். "அப்ப மூணு ஆளு வருஷச் சாப்பாடு மாசா மாசம் சாமிக்கு. அந்த அரிசிய யாரு குடுத்தா?"

என் மகள் இதைக் கேட்கலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். கேள் என்றேன். கேட்டாள். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எங்களை மேற்குச் சன்னல் பக்கம் கூட்டிப் போனார். வயல்வெளிகளுக்கு அப்பால் மலை தெரிந்தது. அந்தத் திசையில்தான் காசுகே என்ற விவசாயியின் கிராமம் என்று சொல்லத் தொடங்கினார்.

1686. விளைச்சல் மோசம். பக்கத்து ஆட்சிப் பகுதிகளில் மூட்டைக்கு 2 தோ 5 ஷோ (பத்து ஷோ ஒரு தோ) என்று வரி அரிசி வாங்கும்போது, இங்கே 3 தோவுக்கு மேல் கேட்டார்கள். தாடா காசுகேயும் அவர் தோழர்களும் மனு எழுதிக் கொடுத்தார்கள். செய்தி பரவி, சுமார் பத்தாயிரம் விவசாயிகள் கோட்டையைச் சூழ்ந்தார்கள். சரி, குறைக்கிறோம் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. கலைந்ததும் எழுதியதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, 28 பேரைக் கொன்றார்கள். அதில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. சாகும் நேரத்தில் காசுகே கோபுரத்தைப் பார்த்து "2 தோ 5 ஷோ" என்று கத்தினார் என்றும், அவர் பார்வையில்தான் கோபுரம் சாய்ந்தது என்றும் ஊரார் சொல்வார்கள். உண்மையில் சாய்ந்ததற்குக் காரணம் அடித்தளக் கல்மேட்டுக்குள் புதைத்திருந்த தாங்குதூண்கள் உளுத்துப்போனது. 1950 முதல் 1955 வரை கோபுரத்தையே பிரித்துச் சரி செய்தார்கள். ஆனால் கோட்டை சாய்ந்தபோது மக்களுக்கு முதலில் நினைவு வந்தது அந்த மனிதர்தான், பாருங்கள்.

இங்கே யாராவது கேட்கலாம்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறாயே, காசுகே வாய் திறந்துதானே செத்தார்? அன்றிரவு வண்டியில் என் மகளும் இதையேதான் கேட்டாள். என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். அவரைக் கொன்றவர்களில் யார் பெயரையும் அந்த அம்மையார் சொல்லவில்லை. காசுகே பெயரைச் சொன்னார், அதுவும் கோட்டையின் உச்சியில் நின்று. மாமியார் சன்னலை விட்டு நகரவேயில்லை. "நம்ம ஊர்க் கததான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கேட்டிருக்காவிட்டால் அந்தக் கதை எங்களுக்குக் கிடைத்திருக்காது. இரண்டு முறை அதே சன்னலில் நின்று நான் படம் எடுத்திருக்கிறேன்!

கீழே இறங்கும் வழியில் நிலவு பார்க்கும் மாடம். அன்று நாட்டை ஆண்ட ஷோகன் இயேமிட்சு வருகிறார் என்று 1630-களில் பிரபு மாட்சுதைரா நாவோமாசா கட்டியது. மூன்று பக்கமும் திறப்பு, சிவப்புக் கைப்பிடி, ஒரு துப்பாக்கித் துளைகூட இல்லை. ஷோகன் வரவேயில்லை, மலைப்பாதையில் பாறை சரிந்துவிட்டது. வெளியே வந்தபின் சுவரின் கறுப்புப் பலகைகளை மறுபடி பாருங்கள். அது சாயம் இல்லை, உருஷி மரத்தின் பாலைப் பக்குவப்படுத்திப் பூசும் மெருகு. ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் கைவினைஞர்கள் சாரம் கட்டிப் புதிதாகப் பூசுகிறார்கள்.

ஊரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மெதோபா ஆற்றைத் தாண்டினால் நாகாமாச்சி, வணிகர் தெரு. 1888 தீ விபத்துக்குப் பிறகு தீப்பிடிக்காத தடித்த சுவர் வைத்துக் கட்டிய கிடங்குகள் வரிசையாக நிற்கும். கோட்டைக்கு வடக்கே 1876-இல் கட்டிய கைச்சி பள்ளி. அதன் செலவில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ஊர் மக்கள் போட்ட பணம். அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனவே நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

தாத்தா பாட்டிகள் மூன்று மாத விசாவில் வருகிறார்கள். நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். சனி ஞாயிறு எங்கோ அழைத்துப் போய், படம் எடுத்து, ஊருக்கு அனுப்புகிறோம். அவர்களுக்கு இந்த நாடு சன்னலுக்கு வெளியேயே நின்றுவிடுகிறது. அதே வீட்டில் ஜப்பானிய மொழியை மூக்கால் மூச்சு விடுவதுபோல் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தமிழ் மட்டும் தயங்குகிறது. நாம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம், நல்லது. ஆனால் பாட்டி ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் வாங்கித் தர வேண்டிய இடத்தில் நிற்கும்போது பிள்ளைக்குத் தமிழ் எப்படி வருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். "ஏலம்" என்ற சொல்லும் "மனு" என்ற சொல்லும் என் மகளுக்கு அந்தப் படிக்கட்டில்தான் வந்தன. ஆகவே நம் பிள்ளைகளைத் தமிழ் வழிகாட்டிகளாகப் பழக்குவோம். வருஷத்துக்கு நான்கு ஊர் போதும். முதல் ஊர் மாட்சுமோட்டோ. உள்ளூர்த் தன்னார்வலர் சொல்வார், நம் பிள்ளை தமிழாக்கும், பெரியவர்கள் கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அந்த வாய்க்கு ஒரு வேலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விடைபெறும்போது அந்த அம்மையார் என் மகளிடம் ஜப்பானியக் கையேடு ஒன்றைக் கொடுத்து, பாட்டிக்காக இதை உன் மொழியில் எழுதிக் கொடு என்றார். அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை. கையேட்டில் இல்லாத காசுகேயை அவளே கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறாள். அசல் பிரதி மன்னார்குடியில் இருக்கிறது. மாமியார் அக்கம்பக்கத்தாருக்குப் படித்துக் காட்டுகிறாராம். நாற்பது நகல் எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டு இருக்கும். சாப்பிடப் போகுமுன் உங்கள் பிள்ளையின் பெயரையும் வயதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். தாத்தா பாட்டி எந்த மாதம் வருகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். தலைவர் அவர்களுக்கு மீண்டும் நன்றி, வணக்கம்.