சாவி யார் கையில் என்று முதலில் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோரே, அவையோரே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பல சமயத்தார் உரிமை கோரும் புனித நகரில் சனத்தைச் சேர்த்து வாழவைப்பது அன்பா, ஒழுங்கா? தலைப்பு இதுதான். ஒழுங்கே என்பது எங்கள் அணி. அன்பே என்று வாதாடிய எதிரணித் தலைவர், இங்கே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று தொடங்கினார். மட்டக்களப்பு மேடையில் இந்தப் பிட்டு அவியாத நாள் இல்லை. ஆனால் ஐயா பிட்டைச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர, அவித்ததில்லை போலிருக்கிறது. குழலில் ஒரு பிடி தேங்காய்ப்பூ, அதன்மேல் மா, பிறகு மறுபடி தேங்காய்ப்பூ. தண்ணீர் கூடினால் மா களியாகிவிடும், குறைந்தால் உதிர்ந்துவிடும். அழுத்தி அடைத்தால் ஆவி மேலே வராது. அளவும் அடுக்கும் தவறினால் குழலைத் தட்டும்போது பிட்டு முழுசாக விழாது. நீங்கள் சொன்ன உவமையே எங்கள் அணிக்காரன், ஐயா.

எருசலேமுக்கு வருவோம். பழைய நகரின் மதிலுக்குள் இருக்கும் நிலம் ஒரு சதுரக் கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் யூதரின் மேற்குச் சுவர், முஸ்லிம்கள் முதலில் முகம்நோக்கித் தொழுத திசையான, முதல் கிப்லாவான அக்ஸா, இயேசுவின் கல்லறை என்று கிறிஸ்தவர்கள் வணங்கும் திருக்கல்லறைக் கோயில். அந்தக் கோயிலை மட்டும் ஆறு சபைகள் பங்கிட்டிருக்கின்றன: கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மேனியர், கோப்தியர், எத்தியோப்பியர், சிரியர். எல்லாரும் ஒரே இயேசுவைத்தான் கும்பிடுகிறார்கள். அன்பு போதுமென்றால் அங்கே போதுமாயிருந்திருக்க வேண்டும்!

அந்தக் கோயிலுக்கு ஒரே வாசல்தான். அதன் சாவியை வைத்திருப்பது ஜூதே என்ற முஸ்லிம் குடும்பம். கதவைத் திறப்பது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். அதிகாலையில் கதவிலுள்ள சின்னத் துவாரத்தால் உள்ளேயிருந்து ஓர் ஏணியை வெளியே நீட்டுவார்கள். வாயிற்காவலர் அதில் ஏறி மேலேயுள்ள பூட்டைத் திறப்பார். உள்ளே அன்றைய முறைக்குரிய சபைக்காரர் நிற்பார். கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மேனியர் மூவருக்குள்ளும் அந்த முறை மாறிமாறி வரும். ஆறு சபையில் ஒன்றின் கையில் சாவி இருந்தால் மற்ற ஐந்துக்கும் நித்திரை வராது. அதனால்தான் அது வெளியாள் கையில் கிடக்கிறது.

இதற்கு எழுத்தும் உண்டு. 1757இலும் 1852இலும் துருக்கிச் சுல்தான்கள் பிறப்பித்த ஆணைகளால் யார் எந்த மூலையில் எப்போது என்பது உள்ளபடியே நிறுத்தப்பட்டது. 1878இல் பெர்லின் உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு அதை வல்லரசுகளின் வாக்காக்கியது. அங்கே ஒரு சுவரில் விளக்குத் தொங்கவிட்டால் அந்தச் சுவர் உங்களுடையது. கூரையைத் திருத்தினால் கூரை உங்களுடையது. படியைக் கூட்டினால் படியும் உங்களுடையதுதான். 1901இல் முற்றத்தோடு கிட்டத்தட்ட ஒரே மட்டத்திலிருந்த ஓர் அடிப்படியைக் கூட்டும் உரிமைக்காகக் கிரேக்கத் துறவிகளும் கத்தோலிக்கரான பிரான்சிஸ்கன் துறவிகளும் அடிபட்டார்கள். அது படியா, முற்றமா என்பதே வழக்கு. சிரிக்காதீர்கள், தும்புத்தடி அங்கே உறுதிப்பத்திரம் மாதிரி.

இவ்வளவு எழுதியும் அடிதடிதானே என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. மறைக்க மாட்டேன். கோயிற் கூரையின் மேலேயுள்ள டெய்ர் எஸ்-சுல்தான் என்ற மடத்துக்குக் கோப்தியரும் எத்தியோப்பியரும் உரிமை கேட்கிறார்கள். 1970இல் கோப்தியர் உயிர்ப்புத் திருநாள் வழிபாட்டுக்குப் போன நேரம் பார்த்து எத்தியோப்பியர் பூட்டை மாற்றினார்கள். 2002 ஜூலையில் அங்கே காவலிருந்த ஒரு கோப்தியத் துறவி வெயில் தாங்காமல் கதிரையைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியர் அதை எல்லை மீறலாக எடுத்தார்கள், அடிதடியில் 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆனால் எங்கே வெடித்தது என்று பாருங்கள். எல்லை தீராமல் கிடந்த மூலையில்தானே வெடித்தது?

ஒழுங்கு காப்பாற்றிய கதையும் உண்டு. கல்லறைமேல் நிற்கும் சிறு மண்டபம் 1810இல் கட்டியது. 1927 பூமியதிர்ச்சியில் ஆட்டம் கண்டது. சாந்து ஈரத்தில் இளகி, கல் வெளியே தள்ளியது. 1947இல், அப்போது அங்கே ஆண்ட ஆங்கிலேயர் இரும்புச் சட்டம் அடித்து அதைக் கட்டிவைத்தார்கள். அந்தச் சட்டம் எழுபது வருடம் நின்றது. காசு இல்லாமலா? செலவழித்தவன் உரிமை கேட்பான் என்ற பயம். 2016இல் மூன்று பெரிய சபைகளும் ஒன்றாகக் கையெழுத்து வைத்தன, செலவைப் பகிர்ந்தன. ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கல்லைக் கழற்றி, புதுச் சாந்து செலுத்தி, டைட்டானியம் ஆணியால் இறுக்கினார்கள். 2017 மார்ச்சில் இரும்பு போய்விட்டது. மூவரும் ஒருவரையொருவர் திடீரென்று நேசிக்கத் தொடங்கியதாக யாரும் சொல்லவில்லை.

இனி ஒழுங்கு தெளிவில்லாத இடம். மேற்குச் சுவருக்கு முன்னால் அன்று இருந்தது நாலு மீற்றர்கூட அகலமில்லாத ஓர் ஒழுங்கை. ஒழுங்கை இருந்தது, ஒழுங்கு இல்லை. துருக்கியர் காலத்து வழக்கம் எது என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். 1928இல் யூதரின் பாவநிவாரண நாளில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க அங்கே ஒரு திரைத் தட்டி வைத்தார்கள். ஆங்கிலேயரின் பொலிஸ் அதைப் பிடுங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பலஸ்தீனம் எங்கும் கலவரம். 133 யூதர், 116 அரபிகள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆணைக்குழு வந்தது. சுவரும் தரையும் முஸ்லிம்களின் சொத்து, வழிபடும் உரிமை யூதருக்கு, எந்த நாளில் எந்தப் பொருளைக் கொண்டுவரலாம், திரை கூடாது, கொம்பு ஊதக் கூடாது என்று எழுதியது. எழுதுவதற்கு அத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது.

1967க்குப் பிறகு அக்ஸா வளாகத்தில் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் செய்த ஏற்பாடும் பெரும்பாலும் வாய்ச்சொல். உள்ளே நிர்வாகம் வக்பு என்ற முஸ்லிம் அறக்கட்டளை, வெளியே காவல் இஸ்ரேல், மற்றவர் பார்க்கலாம், தொழுவது முஸ்லிம்கள். இன்றைக்கு "அன்றிருந்த நிலை" என்று இரு தரப்பும் ஒரே சொல்லைச் சொல்கின்றன, ஆளுக்கொரு அர்த்தத்தில்.

பல சமயத்தாரும் கூடும் கதிர்காமத்தில் எந்தச் சட்டம் இருக்கிறது என்று எதிரணியில் கேட்டீர்கள். அங்கேயும் தேவாலயத்தை நிர்வகிக்கப் பஸ்நாயக்க நிலமே ஒருவர் இருக்கிறார், 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெரிவாகிறார். கருவறைப் பக்கம் பூசை செய்யும் கப்புறாளையைத் தவிர வேறு யாரும் போகமாட்டார்கள். பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையில் எத்தனை பக்தியோடு நின்றாலும், குமண காட்டுவழி குறித்த திகதியில்தான் திறக்கும். நம் திருப்படைக் கோயில்களில் தாய்வழிக் குடிக்குக் குடி திருவிழா முறை, குடிக்கொரு வண்ணக்கர் என்ற பொறுப்பாளர். கிழக்கின் பள்ளிவாசல்களில் அதேபோல் குடிக்கொரு மரைக்காயர். முறை தப்பினால் என்ன நடக்கும் என்று எதிரணித் தலைவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் ஊரில் நடந்ததுதானே.

நடுவர் மணியில் கைவைத்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரேயொரு கேள்வி. நாளைக் காலையில் அந்த ஏணியை உள்ளேயிருந்து நீட்டுவது கிரேக்கரா, கத்தோலிக்கரா, ஆர்மேனியரா? அன்பை வைத்து அதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.