மயில்கழுத்து நிறம் தெரிந்தால் எரிபொருள் தேறாது

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் பம்ப் ஸ்டவ் பார்த்திருக்கிறீர்கள்? பின்வரிசையில் சில கைகள் தெரிகின்றன, சந்தோஷம். காற்றடித்துப் பற்றவைத்தால் சுடர் நீலமாக நிற்கும். நாள்பட நாள்பட மஞ்சளாகி ஒரு பக்கம் சாயும், பாத்திரத்தின் அடி கரிபிடிக்கும். அம்மா பின்னை எடுத்து நிப்பிளில் குத்துவார். கருப்பாக ஒரு துணுக்கு வெளியே வரும், சுடர் மறுபடி நீலமாகும். அந்தத் துணுக்கு மண்ணெண்ணெயோடு வந்ததல்ல. டின்னில் இருந்தபோது அது தெளிவாகத்தான் இருந்தது. பர்னரின் சூடான குழாய்க்குள் போகிற வழியில் உண்டான கரி அது.

விமானத்துக்குப் போடும் ஏடிஎஃப் என்கிற எரிபொருளும் அடிப்படையில் மண்ணெண்ணெய்தான், இன்னும் கவனமாகச் சுத்திகரித்தது. ஆனால் விமானத்தில் அதற்கு இரண்டு வேலை. எரிவது ஒன்று, சூட்டை வாங்கிக்கொள்வது இன்னொன்று. கொதிக்கும் இன்ஜின் ஆயிலைக் குளிரவைக்க, எரியப்போகிற எரிபொருளையே அதன் பக்கத்தில் ஓடவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, சூடும் வீணாவதில்லை. அப்புறம் அந்த எரிபொருள் எரியறையின் வாசலிலேயே இருந்து அதைத் தெளிக்கும் நாசிலுக்குள் நுழைகிறது. அங்கே உலோகச் சுவர் இன்னும் சூடு.

காற்று பட்ட எரிபொருளில் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். எடையில் பத்து லட்சத்துக்குச் சுமார் 70 பங்கு, அவ்வளவுதான். 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தச் சொற்பம் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் பெராக்சைடுகள் உண்டாகும். எரிபொருளில் துளியளவு கலந்திருக்கும் ஃபீனால், கந்தகம், நைட்ரஜன் சேர்மங்கள் அந்த வினைத்தொடரில் மாட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, பிசின் போலச் சுவரில் ஒட்டும். அதுதான் படிவு. செம்பு இருந்தால் கேட்கவே வேண்டாம், நூறு கோடியில் சில பத்துப் பங்கே வேகத்தைக் கூட்டிவிடும்.

எனக்கு இதில் இன்றுவரை வியப்பு தீராத இடம் ஒன்று உண்டு. ஆக்ஸிஜனோடு சட்டென்று சேரும் எரிபொருள்தான் நிறையப் படிவு தரும் என்று நினைப்போம் இல்லையா? பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. ஹைட்ரஜன் செலுத்தி நன்றாகச் சுத்திகரித்த எரிபொருள் வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும், படிவோ குறைவு. ஃபீனால் மிகுந்தது மெதுவாகத்தான் மாறும், படிவோ அதிகம். வினையைத் தடுத்து நிற்கும் ஃபீனாலே அந்தப் போக்கில் உருமாறிப் படிவுக்கு மூலப்பொருளாகிவிடுகிறது.

நாசிலில் படிவு ஏறினால் ஸ்டவ்வில் பார்த்ததுதான் அங்கேயும். தெளிப்பு ஒரு பக்கம் சாயும், எரியறையில் ஓரிடத்தில் மட்டும் சூடு கூடும், பின்னால் சுழலும் டர்பைன் அதைத் தாங்க வேண்டும். பறக்கும்போது பின்னை எடுத்துக் குத்த முடியாதே!

ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறந்த அமெரிக்க எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கு, அந்தச் சூட்டைத் தாங்க, ஜேபி-7 என்று தனி எரிபொருளே தயாரித்தார்கள். 1990களில் அமெரிக்க விமானப்படை, சாதாரண ஜேபி-8 எரிபொருளில் சேர்மானம் கலந்து, அது தாங்கும் சூட்டை 163 டிகிரியிலிருந்து 218 வரை உயர்த்தியது.

சரி, தெளிவாக இருக்கும் எரிபொருள் படிவு தருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பல வருஷம் ஆய்வகத்தில் செய்த வேலை இது. பளபளக்கும் சிறு அலுமினியக் குழலை 260 டிகிரிக்குச் சூடாக்கி, அதை உரசிக்கொண்டு நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் எரிபொருளை இரண்டரை மணி நேரம் ஓடவிடுவோம். பிறகு குழலை எடுத்து, விளக்குப் பெட்டிக்குள் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிடுவோம். நடுப்பகுதியில் விரல் படவே கூடாது. லேசான வைக்கோல் நிறம் என்றால் தேறிவிடும். நீலமும் பச்சையும் ஊதாவும் மினுங்கினால் தேறாது. ஆங்கிலத்தில் மயில் நிறம் என்பார்கள், நாங்கள் மயில்கழுத்து என்போம், பட்டுப்புடவைக்குச் சொல்கிற அதே பெயர். படலம் மிக மெல்லிசாக இருப்பதால் வரும் நிறம் அது. கருவியால் அளந்து பார்க்கும்போது அனுமதிக்கப்படும் தடிமன் 85 நானோமீட்டர், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு.

ஒருநாள் மாலை வந்த மாதிரி, பாட்டிலில் அவ்வளவு தெளிவு. குழலை வெளியே எடுத்தபோது நடுவில் நகத்தின் அகலத்துக்கு ஒரு மயில்கழுத்துப் பட்டை. மாதிரி வந்த தொட்டியின் வால்வுக்கு அன்று இரவே சீல் வைத்தார்கள்.