இலைக்குள் ஓடும் வெள்ளைக் கோடு

வணக்கம் நேயர்களே. சென்னையை ஒட்டி, படப்பைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பசுமைக்குடில் இருக்கிறது. ஒரு கோடையில் தக்காளி இலையெல்லாம் கோலமாவில் கிறுக்கியது போல வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு. இலைத்துளைப்பான்! மருந்து அடித்தேன். அடுத்த வாரமும் அடித்தேன். மாதம் முடிவதற்குள் அடி இலைகள் காய்ந்து தொங்கின.

காரணம் பிறகுதான் புரிந்தது. இரண்டு மில்லிமீட்டர் ஈ, இலைக்குள் முட்டை வைக்கிறது. புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே தின்றுகொண்டே போகிறது. அப்புறம் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. பல மருந்துகள் அதை எட்டுவதே இல்லை. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் வந்த இந்தப் பூச்சிக்கு மருந்து பழகிப்போன சங்கதி. நான் அடித்ததில் செத்தது அதன் எதிரியான குளவி.

குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டுமே, அதை நினைக்காதீர்கள். இது அந்த ஈ அளவுதான். ஐரோப்பியப் பசுமைக்குடில்களுக்கென்றே வளர்த்து விற்கும் டைகிளைபஸ் குளவி, இலைத்தோலுக்கு மேலிருந்தே புழுவைக் கொட்டி மயக்கி, பக்கத்தில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் குஞ்சு புழுவைத் தின்று தீர்த்து, தன் கழிவையே குட்டித் தூண்களாக நட்டுவைத்துவிட்டுக் கூட்டுப்புழுவாகும். இலை காய்ந்து சுருங்கினாலும் அது நசுங்காது. என்ன கொத்தனார் வேலை பாருங்கள்!

நம் ஊரிலும் ஹெமிப்டார்செனஸ் என்று இதன் உறவுக்காரக் குளவி உண்டு. வேலித் தட்டைப்பயறு இலையில், மயங்கிய புழுவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு குஞ்சை லென்ஸில் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். "இதுக்கா அடுப்பை அணைச்சுட்டு வந்தேன்?" என்றாள் மனைவி.

குடிலில் ஒரு சிக்கல் உண்டு. ஈ நாற்றோடு உள்ளே வந்துவிடும். வலை குளவியை வெளியே நிறுத்திவிடும். அதனால்தான் அங்கே குளவியை நாமே விடவேண்டியிருக்கிறது, அதுவும் ஈ பெருகுவதற்கு முன்பே.

மாடித்தோட்டத்தில் அந்தக் கவலை இல்லை, தானாக வரும். கோடு விழுந்த இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மஞ்சளாக ஒன்று நெளிந்தால் இலையைக் கிள்ளி நசுக்குங்கள். கோடு பாதியில் நின்று, புழு பழுப்பாகத் துவண்டு கிடக்கிறதா? சரி, அந்த இலையைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே குளவிக்குஞ்சு இருக்கலாம்.