சுண்ணாம்பு பட்ட கண்

நேயர்களுக்கு வணக்கம்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. பிள்ளைகள் அதை அமுக்கி விளையாடுவார்கள். பொட்டலம் வெடித்தால் தெறிப்பது நேரே கண்ணில்தான். ஆசிட்டை விடச் சுண்ணாம்பு பொல்லாதது. ஆசிட் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, மேற்கொண்டு உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். சுண்ணாம்போ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். அதனால் முதலில் தண்ணீர், அரை மணி நேரம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

சரி, காயம் ஆறிவிட்டது. மாதங்கள் போகின்றன. கண் வெளுத்து, ரத்தநாளம் படர்ந்து, வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. “கண்தானத்தில் வந்த கருவிழியை வைத்துத் தைத்துவிடுங்களேன்” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை மட்டும் செய்தால் நிற்காது.

கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதிதாகக் கொடுப்பவை அவைதான். அந்த ஓரம் வெந்துபோனால் வெள்ளைவிழியின் தோல் கருவிழி மேல் ஏறிவிடும். நாற்றங்கால் கருகிய பின் வயலை மட்டும் மாற்றினால் நடுவதற்கு நாற்று ஏது?

இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழுவினர் இந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தி 1997-இல் வெளியிட்டார்கள். அருமையான வேலை, ஆனால் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சங்வானும் சகாக்களும் ஆய்வகமே வேண்டாம் என்றார்கள். அந்த முறை 2012-இல் வெளியானது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் துணுக்கு எடுத்து, எட்டு பத்தாக நறுக்கி, கெட்ட கண்ணில் பனிக்குடச் சவ்வை, அதாவது கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை, விரித்து, அதன் மேல் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். செல்கள் கண்ணிலேயே வளர்ந்துகொள்ளும். எனக்கு இதில் பிடித்ததே இந்த எளிமைதான்.

இரண்டு கண்ணும் போனால்? உறவினரிடமிருந்து செல் எடுக்கலாம். உடம்பு அதை ஒதுக்காமலிருக்க மாத்திரை நீண்ட காலம் வேண்டும். கண்ணே வறண்டுபோயிருந்தால் பல்தான் கதி. சிரிக்காதீர்கள். கோரைப்பல்லை எலும்போடு எடுத்து, செதுக்கி, துளையிட்டு லென்ஸ் பொருத்தி, சில மாதம் உடம்புக்குள்ளேயே வைத்திருந்து, பிறகு கண்ணில் பதிப்பார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். விழித்திரையும் நரம்பும் கெடாதிருந்தால் பார்வை திரும்பும். ஆனால் பிள்ளைகளுக்கு இதை வழக்கமாகச் செய்வதில்லை, அந்த வயதில் எலும்பு சீக்கிரம் கரைந்துவிடும். பொட்டலத்தை அமுக்குவதோ அவர்கள்தான்.